விரல் நுனியில் ஒரு எண்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நம் தென்சென்னைப் புறநகரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து வந்த முதல் கேள்வி, "உங்க வீட்டுல எவ்வளவு காட்டுது?" என்பதுதான். யாரும் விளக்கம் கேட்கவில்லை. 97 என்றால் முகம் மலர்ந்தது. 93 என்றால் ஆட்டோ தேடி ஓடினார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த விரற்கவ்வி ஆயிரக்கணக்கில் விலை ஏறி, அதுவும் கிடைக்காமல் போயிற்று. வெப்பமானிக்கு அடுத்தபடியாக வீட்டு அலமாரியில் இடம் பிடித்த மருத்துவக் கருவி இதுவாகத்தான் இருக்கும்.

நூல்களையும் நாடகங்களையும் விமர்சனம் செய்கிறோம். கோடிக்கணக்கானோர் நம்பி வாழ்ந்த, சிலர் நம்பி இறந்த ஒரு கருவியை ஏன் விமர்சனம் செய்யக்கூடாது? கருவியும் நமக்கு ஒரு சேதி சொல்கிறது. அந்தச் சேதி உண்மையா, எவ்வளவு தூரம் உண்மை, அதைப் படித்துச் சொன்னவர்கள் சரியாகப் படித்தார்களா என்று கேட்பது நம் உரிமை. பத்திரிகைகளும் அதிகாரிகளும் கைப்பேசிச் செய்திகளும் ஆக்சிஜனைப் பற்றி நமக்குச் சொன்னவற்றையும் இதே தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிப் புத்தகங்களில் நெடுங்காலம் இந்த வாயு 'பிராணவாயு' என்றே வழங்கிற்று. அழகான சொல்; ஆனால் ஆபத்தான சொல்லும்கூட. பிராணன் என்று பெயர் சூட்டிவிட்டால், எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. (ஆக்சிஜன் என்ற பெயரிலும் பிழை உண்டு. எல்லா அமிலங்களையும் இதுவே பிறப்பிக்கிறது என்று லவாய்சியர் தவறாக நினைத்ததால், 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். அந்தப் பிழையால் யாருக்கும் தீங்கு நேரவில்லை.) பிராணவாயு என்ற சொல் தீங்கு செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கருவியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் டக்குவோ அயோயாகி என்ற பொறியாளர் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேறு ஒரு வேலையில் இருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலின் வழியே ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு ஒவ்வொன்றும் அவர் வரைபடத்தில் ஓர் அலையை ஏற்படுத்தி அளவீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லையை நீக்க முயலும்போதுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. துடிக்கும் பகுதி தமனி ரத்தம். துடிக்காத பகுதி தோல், தசை, எலும்பு, சிரை ரத்தம். துடிக்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் ஊசி குத்தாமலே தமனி ரத்தத்தின் நிறத்தை அளக்கலாமே! 1974இல் அந்தக் கருத்து கருவியாக வெளிவந்தது. அவருடைய நிறுவனம் அதில் அதிக அக்கறை காட்டவில்லை. 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் அதை அறுவை அரங்குகளுக்குள் கொண்டு சென்றன. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்கு அது மூன்றாவது கண்ணாக ஆயிற்று. அயோயாகி 2020 ஏப்ரல் மாதம் காலமானார். உலகம் முழுவதும் அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொள்ளத் தொடங்கிய அதே மாதம்!

கவ்விக்குள் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகமாகக் கடத்தும். ஏறாத ஹீமோகுளோபின் அதை அதிகமாக விழுங்கும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். இரண்டு ஒளியும் விரலைக் கடந்து எவ்வளவு வருகின்றன என்ற விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது. அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும் அல்லவா? அது இயற்கை விதியிலிருந்து பிறந்ததன்று. ஆரோக்கியமான சிலரை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்கள் தமனி ரத்தத்தைச் சோதித்து, கருவியின் விகிதத்தோடு ஒப்பிட்டுத் தயாரித்த பட்டியல் அது. யாரையும் 70 சதவீதத்துக்குக் கீழே கொண்டு போவது நியாயமில்லை. ஆகவே அதற்குக் கீழே கருவி காட்டும் எண் அளவீடு ஆகாது, ஊகம்.

அந்தச் சிலர் யார் என்பதில்தான் கருவி மீதான முதல் குற்றச்சாட்டு பிறக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, குறைந்தது 10 பேரைச் சோதித்தால் போதும், அவர்களில் இருவரோ 15 சதவீதமோ கருநிறத்தவராக இருந்தால் போதும் என்றது. விளைவு என்ன? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விரற்கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீத அளவீடுகளில். தோலின் கருமை சிவப்பு ஒளியின் பயணத்தில் குறுக்கிடுகிறது என்பது விளக்கம். நம் ஊரில் வெயிலில் உழைத்துக் கறுத்த விரல்கள் எத்தனை! வெளிநாட்டுத் தோலுக்குத் தைத்த சட்டையை நமக்குப் போட்டுவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கருவி 94 காட்டும்போது கறுத்த விரலுக்குச் சொந்தக்காரர் மூச்சு வாங்கினால், எண்ணை விட மூச்சை நம்புவதே அறிவு.

தோல் நிறம் ஒருபுறம் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான பிழை எல்லையே சின்னதன்று. கருவி 90 காட்டினால் உண்மை 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. இது நல்ல கருவிகளுக்கு. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, நடுங்கும் கை, நேரடி வெயில் ஆகியவை இதற்கு மேல். ஆனால் 2021இல் நாம் என்ன செய்தோம்? 94 என்றால் வீடு, 93 என்றால் மருத்துவமனை என்று ஒரு கோடு கிழித்துக்கொண்டோம். ஏற்றத்தாழ்வு நான்கு உள்ள ஒரு கருவியைக் கொண்டு ஒன்றின் வித்தியாசத்துக்கு உயிரைப் பணயம் வைத்தோம். இதற்கு வழிகாட்டியை எழுதியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய சுகாதாரத் துறை 2021 ஏப்ரலில் வெளியிட்ட பட்டியலில் 90 முதல் 93 வரை நடுத்தர நிலை, 90க்குக் கீழே கடுமை என்று இருந்தது. கூடவே, நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் மூச்சு என்ற அடையாளமும் இருந்தது. அந்த இரண்டாவது அடையாளம் பத்திரிகைச் செய்தியிலிருந்தும் கைப்பேசிச் செய்தியிலிருந்தும் காணாமல் போயிற்று. மூச்சை எண்ணக் காசு வேண்டாம், மின்கலம் வேண்டாம், சுவர்க்கடிகாரம் போதும். இலவசமானதற்கு மதிப்பில்லை போலும்!

இப்போது அந்த எண்ணின் பொருளுக்கு வருவோம். மாணவ வாசகர்கள் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1931 முதல் ஓடும் பாதை அது. நம் பகுதிக்கு அதைவிட நல்ல உவமை கிடைக்காது. ஹீமோகுளோபின் ஒவ்வொன்றும் நான்கு இருக்கைகள் கொண்ட ஒரு பெட்டி. நுரையீரல் என்ற நிலையத்தில் ஆக்சிஜன் என்ற பயணிகள் ஏறுகிறார்கள். தசையிலும் மூளையிலும் இறங்குகிறார்கள். விரற்கருவி சொல்வது, இருக்கிற இருக்கைகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதை மட்டும். ரயிலில் எத்தனை பெட்டிகள் என்று அது சொல்லாது.

இது சின்ன விஷயமா? ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 கிராம் உள்ளவருக்கு முழுச் சுமை 20 மில்லிலிட்டர். ரத்தசோகையால் 7.5 கிராமாகக் குறைந்த பெண்ணுக்கு 10 மில்லிலிட்டர்தான். ஆனால் இருவர் விரலிலும் கருவி 98 என்றே காட்டும்! பாதிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு ஓடும் ரயிலில் எல்லா இருக்கைகளும் நிரம்பியிருப்பது போல. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களுக்கு 98 என்ற எண் தரும் ஆறுதல் அரைகுறை ஆறுதல். மூடிய அறையில் கரியடுப்புப் புகையில் மயங்கியவர் கதை இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, கருவியோ அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணாகக் காட்டும். பயணச்சீட்டுப் பரிசோதகருக்கு இரண்டு ஆளுக்கும் முகம் ஒன்றாகத் தெரிகிறது.

இன்னொன்று. நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் என்பது நடைமேடைக் கூட்டம் என்று கொள்வோம். கூட்டம் 100 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும்போது இருக்கைகள் 97 அல்லது 98 சதவீதம் நிரம்புகின்றன. கூட்டம் 60க்குக் குறைந்தாலும் 90 சதவீதம் நிரம்பிவிடும். அதற்குப் பிறகுதான் சரிவு. 40க்கு வந்தால் 75; 27க்கு வந்தால் பாதி. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இலேயே வரைந்து காட்டிய வளைவு இது. மலைச் சரிவு போல மேலே தட்டையாகவும் பிறகு செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே நுரையீரல் பாதி கெட்ட பிறகும் எண் 98லிருந்து 92க்கு மெல்ல இறங்கும். 'ஆறுதான் குறைந்திருக்கிறது' என்று நாம் இருந்துவிடுவோம். விளிம்பில் நிற்கிறோம் என்பதை எண் சொல்வதில்லை, வளைவு சொல்கிறது. 90 என்ற எல்லையை மருத்துவர்கள் ஏன் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் இந்த வளைவிலிருந்தே விளங்கும்.

அப்போது பலர் வியந்த 'சத்தமில்லாத ஆக்சிஜன் குறைவு' மாயமொன்றும் இல்லை. மூச்சுத் திணறல் என்ற உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது கார்பன் டை ஆக்சைடு பெருகுவதுதான். கொரோனா நிமோனியாவில் நுரையீரலின் சில பகுதிகள் வேலை நிறுத்தம் செய்தாலும் மற்ற பகுதிகள் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும்; ஆக்சிஜனை மட்டும் ஈடுகட்ட முடியாது. எனவே 85 காட்டும் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். இங்கே கருவிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மூச்சு ஏமாற்றும்போது எண் காப்பாற்றியது. எண் ஏமாற்றும்போது மூச்சு காப்பாற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இனி, கொடுக்கும் ஆக்சிஜனைப் பற்றி. முன்பு சொன்ன கதை இதுதான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர். இளமையில் பல்லாவரம் கல்குவாரியில் வேலை செய்தவர். (அந்தக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் என்பதால் 'சார்னோகைட்' என்று பெயர் பெற்றது. அதை உடைத்தவர்களின் நுரையீரலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.) கல்தூசியும் பீடியும் சேர்ந்து நாள்பட்ட மூச்சடைப்பு நோய். சாதாரண நாளிலேயே அவருக்கு 89தான் காட்டும். 2021 மே மாதம் காய்ச்சல் வந்ததும் மகன் எப்படியோ ஒரு சிலிண்டரைப் பிடித்து வந்துவிட்டார். கொண்டு வந்த இளைஞர் திருகியைத் திறந்து 8 லிட்டரில் வைத்துவிட்டுப் போனார். கருவி 99 காட்டியது. வீடே நிம்மதி அடைந்தது. மாலையில் நான் எட்டிப் பார்த்தபோது அந்த அம்மாள் சொன்னார்: "நாலு நாளாத் தூங்கவே இல்ல தம்பி. இப்பத்தான் நல்லாத் தூங்குறார். எழுப்பிடாதீங்க."

அவர் தூங்கவில்லை. தட்டி எழுப்பினால் கண் திறந்து, பேச்சுக் குழறி, மீண்டும் மயங்கினார். தொலைபேசியில் கிடைத்த மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" சொன்னதும், "உடனே ஒன்றுக்குக் குறையுங்கள். 88, 90 போதும். கைவசம் வண்டி இருந்தால் கூட்டி வாருங்கள்" என்றார். அன்றிரவு அவர் பிழைத்துக்கொண்டார்.

நடந்தது என்ன? இத்தகைய நோயாளியின் நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு உடம்பு தானே ரத்த ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. தூய ஆக்சிஜன் வெள்ளமாக வந்ததும் அந்த மடைகள் திறந்துகொள்கின்றன. காற்றோட்டம் இல்லாத இடத்துக்கு ரத்தம் வீணாகப் போகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடம் இருந்த கார்பன் டை ஆக்சைடையும் கீழே இறக்கிவிடுகிறது. மூச்சு விடும் உந்துதலும் ஓரளவு தளர்கிறது. மூன்றும் சேர்ந்து ரத்தத்தை அமிலமாக்கி மூளையை மயக்குகின்றன. ஆக்சிஜன் கொடுத்தால் இவர்கள் மூச்சு விட மறந்துவிடுவார்கள் என்று பாடப் புத்தகங்களில் எழுதுவது மூன்றில் ஒன்றை மட்டும் சொல்வது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 405 நோயாளிகள். தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88க்கும் 92க்கும் இடையில் அளந்து பெற்றவர்களில் 4 சதவீதம். அளந்து கொடுப்பதற்குப் புதிய மருந்தோ புதிய இயந்திரமோ தேவைப்படவில்லை. திருகியைத் திருப்பும் விரலுக்குச் செய்தி தெரிந்தால் போதும்.

பிராணவாயு அதிகமானால் தீங்கு என்பது புதிய செய்தியும் அன்று. 1940களில் குறைமாதக் குழந்தைகளைத் தாராள ஆக்சிஜனில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பார்வை இழந்தார்கள். அதிக ஆக்சிஜன் முற்றாத விழித்திரை ரத்தக் குழாய்களைக் கெடுக்கும் என்று மெல்போர்னில் கேட் காம்ப்பெல் 1951இல் சுட்டிக்காட்டினார். அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையை இழந்துவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களைப் பற்றி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும், கடும் நோயாளிகளுக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பது மரணத்தைக் கூட்டுகிறது என்றே முடித்தது. ஏற்கெனவே 98 நிரம்பிய ரயிலில் இன்னும் எத்தனை பேரை ஏற்றுவது?

இதையெல்லாம் சொல்வதால் ஆக்சிஜன் வேண்டாம் என்று பொருளில்லை. வேண்டியவருக்கு அதைப் போன்ற மருந்து வேறில்லை. நாள்பட்ட மூச்சடைப்பில் ஓய்விலேயே மிகக் குறைந்த ஆக்சிஜன் உள்ளவர்களைப் பற்றி 1981இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாளுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர். அதே சமயம், 89 முதல் 93 வரை உள்ள மிதமான நோயாளிகளுக்கு வீட்டு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டவில்லை என்று 738 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2016இல் கண்டது. அளவும் ஆளும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது.

நம் தாம்பரம் சானடோரியத்தின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தி, அங்கே கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சவுரி முத்து 1928இல் இதை நிறுவினார். 1937இல் அரசு ஏற்றது. திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு என்பது அக்கால மருத்துவம். 'நல்ல காற்றில் பிராணவாயு அதிகம்' என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. வண்டலூர்க் காட்டிலும் பாரிமுனையிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். நல்ல காற்றின் நன்மை அதில் தூசியும் புகையும் கிருமியும் குறைவு என்பதே. காற்றோட்டம் கிருமியை நீர்க்கச் செய்கிறது என்பதைச் சவுரி முத்து காலத்து விடுதிகளின் அகன்ற தாழ்வாரங்கள் அறிந்திருந்தன. குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்த நம் காலத்துக் கட்டடங்கள் 2020இல் அதைப் பாடுபட்டுக் கற்றன.

இனி, சொல்லவே மனம் கூசும் பகுதி. 2021 மே 4ஆம் தேதி இரவும் மறுநாள் விடியலிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் சில மணி நேரத்துக்குள் இறந்தார்கள். ஆக்சிஜன் வரவில்லை என்று உறவினர்கள் கதறினார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை என்று அதிகாரிகள் கூறினார்கள். செய்தித்தாள்கள் இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போயின. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று வாசகர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்த இரவின் உண்மைக் காரணத்தை இங்கிருந்து தீர்ப்பளிக்க நான் துணியவில்லை. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை எந்தப் பத்திரிகையும் விளக்கவில்லையே என்பதே என் மனக்குறை.

பெரிய மருத்துவமனையில் ஆக்சிஜன் திரவமாக, கழித்தல் 183 டிகிரிக்குக் கீழே, தொட்டியில் இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். அதை வாயுவாக்க, உலோகச் செதில்கள் கொண்ட ஆவியாக்கி ஒன்று வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. மணிக்கு இவ்வளவுதான் ஆவியாக்க முடியும் என்று அதற்கு ஓர் எல்லை உண்டு. நம் கடற்கரைப் பகுதியின் ஈரக் காற்றில் அதன்மேல் பனி படிந்தால் அந்த எல்லையும் சுருங்கும். ஓர் ஆவியாக்கி மணிக்கு 300 கன மீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 5,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் நோயாளிகள் 500 பேருக்குப் போதும். ஆனால் மூக்கின் வழியே பெரும் வேகத்தில் செலுத்தும் இயந்திரத்துக்கு, தூய ஆக்சிஜனாகக் கொடுத்தால், நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை வேண்டும். அப்போது 83 பேரோடு சரி. 84ஆவது நோயாளிக்கு இயந்திரத்தைத் திறந்தால் குழாயின் கடைசிக் கட்டிலில் அழுத்தம் விழும். தொட்டி நிறைந்திருக்கும், கட்டில் காய்ந்திருக்கும். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மாடி வீட்டுக் குழாயில் வராததைத் தினமும் பார்க்கும் நமக்கு இது புரியாத கணக்கா?

அதே மே மாதத்தில் கோவா அரசு மருத்துவக் கல்லூரியில் பின்னிரவு 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே அழுத்தம் விழுந்து நேர்ந்த மரணங்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. அதற்கு முன்னர் ஏப்ரல் 21ஆம் தேதி நாசிக்கில் தொட்டியிலிருந்து ஆக்சிஜன் கசிந்து, குழாயில் அழுத்தம் போய், 22 பேர் இறந்தார்கள். இவை தனித்தனியே நடந்த தற்செயல்கள் என்று எழுதியவர்கள் ஒரு பொது வினாவைக் கேட்கத் தவறினார்கள்: குழாயின் கடைசி முனையில் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானி இருக்கிறதா? அது விழுந்தால் மணி அடிக்குமா? மணி அடித்தால் ஓடி வர ஆள் உண்டா?

2021 ஜூலை 20ஆம் தேதி மாநிலங்களவையில் மத்திய அரசு ஒரு பதில் அளித்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் என்று குறிப்பிட்டு எந்த மரணத்தையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். எழுத்துக்கு எழுத்து அது உண்மையாகவே இருக்கலாம். இறப்புச் சான்றிதழில் 'நிமோனியா' என்று எழுதுவார்கள், 'சுவாசச் செயலிழப்பு' என்று எழுதுவார்கள். 'இரவு இரண்டு மணிக்கு அழுத்தம் குறைந்தது' என்று எழுத அதில் இடமில்லை. கேட்கப்படாத கட்டத்தில் விடை எப்படி இருக்கும்? விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது: 'தகவல் இல்லை' என்பதும் 'நிகழவில்லை' என்பதும் ஒன்றாகா. முதல் வாக்கியத்தை இரண்டாவதைப் போல் ஒலிக்கும்படி சொன்னதுதான் அந்தப் பதிலின் குற்றம்.

வீட்டுக் கணக்கும் இதே கதைதான். பெரிய 'டி' வகைச் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 700 நிமிடம்; பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. சிறிய 'பி' வகையில் 1,500 லிட்டர். 5 லிட்டர் வேகத்தில் ஐந்து மணி நேரம். இந்த ஒரு வகுத்தல் கணக்கைச் சிலிண்டர் கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தால், நள்ளிரவில் முள் பூஜ்யத்தைத் தொட்டபோது எத்தனையோ வீடுகள் திகைத்து நின்றிருக்க மாட்டா. காற்றிலிருந்து நைட்ரஜனைச் சியோலைட் என்ற கனிமத்தால் வடிகட்டி, 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்சிஜனைத் தரும் செறிவாக்கி இயந்திரம் தீராதது என்பார்கள். மின்சாரம் உள்ளவரை. 400 வாட் இயந்திரத்தை 15 மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 6 யூனிட். நம் இரண்டு மாத மின்கட்டணச் சீட்டில் 360 யூனிட் கூடும். கல்குவாரித் தொழிலாளியின் ஓய்வுக் காலத்துக்கு அந்தக் கட்டணம் யார் கட்டுவது என்று எந்த வழிகாட்டியிலும் நான் காணவில்லை.

எங்கள் தெருப் பெரியவர் அந்த மே மாதத்தைத் தாண்டிவிட்டார். வீட்டில் இப்போது ஒரு செறிவாக்கி இருக்கிறது. மின்சாரம் போனால் தெருவே அதன் சத்தம் நின்றதை வைத்து அறிந்துகொள்ளும். விரற்கவ்வி வந்த பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நான்கு மொழிகளில் எறும்பெழுத்து. தமிழில் ஒரு வரி இல்லை. அதனால் அந்த அம்மாள் தாமாகவே ஒரு வழி செய்துகொண்டிருக்கிறார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள்: எண், லிட்டர், மூச்சு. காலையிலும் மாலையிலும் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து, கணவரின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதுகிறார். சென்ற வாரம் நான் போயிருந்தபோது எழுதியிருந்தது: 90, 1, 20. "நம்பர் நேத்து மாதிரியேதான் இருக்கு தம்பி. மூச்சுதான் ரெண்டு கூடிருக்கு. டாக்டர்கிட்ட எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார். மூன்றையும் சொல்லுங்கள், மூச்சை முதலில் சொல்லுங்கள் என்றேன்.